பட்டாணிக்கு ஒரு ஷெட்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் குஞ்சு வளர்ப்பதைப் பற்றி லூர்துராஜிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், பண்ணைக்காரர்கள் தங்கள் ஷெட்டில் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள், நடுவில் பைக்கில் போய் ஷெட் ஷெட்டாகக் குற்றம் கண்டுபிடிப்பது லூர்துராஜின் வேலை. நைனார்பாளையத்திலிருந்து மலையடிவாரம் வரை ஐம்பத்து மூன்று பண்ணைகள். ஐம்பத்து மூன்றில் அவர் மனசுக்குப் பிடித்த பண்ணை ஒன்றுகூடக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்குத்தான் மகள் டயானா பொங்கல் லீவில் ஓர் ஆமைக்குஞ்சைக் கொண்டுவந்தாள். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். மூடியில் ஓட்டை போட்ட டிபன் டப்பாவுக்குள், மசால்வடையைவிடச் சின்னதாக, பச்சையாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. பெயர் பட்டாணி.

"ஹாஸ்டல்ல வெச்சுக்க விடமாட்டேங்கறாங்கப்பா. திருக்கோவிலூர்ல என் ஃபிரண்டு சுபஸ்ரீ வூட்டுல மீன்தொட்டி இருக்குது. அவகிட்ட குடுத்துட்டு, ஏப்ரல்ல வந்து வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

லூர்துராஜுக்குச் சுருக்கென்றது.

"ஷெட்டுக்கு ஐயாயிரம் குஞ்சை ஒரே நேரத்துல பாக்கறவன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கேன். ஒண்ணே ஒண்ணை வளக்க நீ திருக்கோவிலூருக்குப் போறியா?"

"அப்பா, இது கோழி இல்லப்பா."

"குஞ்சு எல்லாம் குஞ்சுதாம்மா. சூடு, தீனி, தண்ணி. மிச்சமெல்லாம் கடைக்காரன் வியாபாரத்துக்குச் சொல்றது."

டயானா டப்பாவின் மூடியைத் திறந்து பட்டாணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டப்பாவை அவர் கையில் வைத்து, "செத்துப்போச்சுன்னா என்கிட்ட பேசவே பேசாதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அவள் எதையும் கேட்டு வாங்காத பெண். படிக்கிற காலத்தில் செருப்பு அறுந்தால்கூட ஊக்கு போட்டுக்கொண்டு போனவள். அவள் நம்பி ஒப்படைத்த முதல் பொருள் இது என்பது லூர்துராஜுக்கு உறைத்தது. உறைத்ததும் அவருக்கு வழக்கமாக என்ன ஆகுமோ அதுவே ஆனது. நெஞ்சு விம்மி, காது அடைத்துக்கொண்டது.

டயானா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அகலமான தொட்டி, ஏறி உட்காரக் காய்ந்த மேடு, தினமும் வெயில், தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க ஃபில்டர். லூர்துராஜ் அதைப் படித்துவிட்டு, பல் இல்லாத வக்கீல் எழுதிய நோட்டீஸைப் பார்ப்பதுபோல் பார்த்து, பைபிளுக்குள் செருகிவைத்தார்.

வேலை மறுநாளே ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினார். அதை வைக்க அவர் தேர்ந்தெடுத்தது வீட்டின் பின்னால் ஜன்னல் இல்லாத சாமான் அறை. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து தை மாதத்தில் இறங்கும் குளிர்காற்று குஞ்சுக்கு ஆகாது அல்லவா? அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். தொட்டிக்கு அடியில் இரண்டு அங்குலம் தேங்காய் நார்த்தூள் பரப்பினார். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் நார்த்தூள் எதற்கு என்று மனைவி லூசி கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். கை தானாகப் பரப்பிவிட்டது. தொட்டிக்கு மேலே தகரக் கூம்பு போட்ட பல்பு, இருபத்து நாலு மணி நேரமும் எரிவதுபோல். நாலு பக்கமும் தீவனச் சாக்கைத் தைத்துப் படுதா. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே ஒரு தெர்மாமீட்டர்.

முதல் நாள் தண்ணீரில் வெல்லம் கரைத்து ஊற்றினார். லாரியில் வந்து இறங்கிய குஞ்சுக்கு முதல் நாள் வெல்லத் தண்ணீர் கொடுப்பது பண்ணை வழக்கம். பிரயாணக் களைப்பு போகும். பட்டாணியும் சென்னையிலிருந்து பஸ்ஸில்தானே வந்தது? கோழிக்குஞ்சு அந்தத் தண்ணீரைக் குடிக்கும், பட்டாணி அதிலேயே குடியிருக்க வேண்டும் என்கிற வித்தியாசம் அவருக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சாமான் அறைக்கு மூன்று தெருவின் எறும்பும் வந்து சேர்ந்தது.

ஏறி உட்கார மேடு வேண்டும் என்றிருந்ததால், அதற்கு மட்டும் மதிப்புக் கொடுத்து, வெள்ளிமலை ரோட்டில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை பைக்கில் போய் ஒரு மலைக்கல்லைப் பெயர்த்து, பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் வந்த ஜீப்காரன் வேகத்தைக் குறைத்து, "இன்னா சார், கோயில் கட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கல் அழகான கல். செங்குத்தாக, வழவழவென்று இருந்தது. பட்டாணி அதில் நாலு கால் நகத்தையும் ஊன்றி முக்கால்வாசி ஏறும். பிறகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழும். "எக்சர்சைஸ் பண்ணுது பாரு" என்றார் லூர்துராஜ்.

ஆமை என்றதும் ஊரில் எல்லோரும் சொல்லும் அதே வாக்கியத்தை எதிர்வீட்டு அமிர்தமும் வந்து சொன்னாள். அதெல்லாம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவைத்தார். அனுப்பிவைத்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது ஒரு சின்னப் பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து தொட்டிக்கு நாலு பக்கமும் தெளித்தார். லூசி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சுவரில் சார்ட் ஒன்று ஒட்டினார். தேதி, எடை, தின்ற தீவனம், இறப்பு. தினமும் காலையில் பட்டாணியைக் குஞ்சுத் தராசில் நிறுத்தி எழுதுவார். இறப்பு என்ற கட்டத்தில் தினமும் ஒரு பூஜ்யம். இருப்பதே ஒன்று, அதில் இறப்புக் கணக்கு எதற்கு, செத்தால் தெரியாதா என்று லூசி கேட்டாள். "சிஸ்டம்னு ஒண்ணு இருக்குது" என்றார்.

தீவனம், பிஞ்சுக் கோழிக்குப் போடும் கம்பெனியின் ஸ்டார்டர் தீவனம்தான். பட்டாணி அதை ஆவலாகத் தின்றது. எடை ஏறியது. லூர்துராஜ் சார்ட்டைப் போட்டோ எடுத்து டயானாவுக்கு அனுப்பினார். அவள் இதயம் போட்டாள். அதற்கு அடுத்த பத்து நாளும் அவர் பண்ணைக்காரர்களைத் திட்டிய திட்டில் ஒரு தனி மெருகு இருந்தது.

அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் நைனார்பாளையத்து நாராயணசாமி. மூன்று ஏக்கர் மக்காச்சோளமும் ஒரு கோழி ஷெட்டும் வைத்திருக்கும் அறுபது வயசு விவசாயி. ஷெட் வாசலில் பைக்கை நிறுத்தும்போதே லூர்துராஜ் மூக்கைச் சுருக்கினார்.

"அமோனியா, நாராயணசாமி. அமோனியா. படுதாவை ஏத்தாம மூடியே வெச்சுகினு இருந்தா குஞ்சு கண்ணு இன்னாத்துக்கு ஆவும்? பாருங்க, நாலு குஞ்சு கண்ண மூடிகினு உக்காந்துகினு இருக்குது."

"எனக்கு ஒண்ணும் நாத்தம் தெரியலிங்களே சார்."

"உள்ளயே கெடக்கற மூக்குக்கு எப்பிடித் தெரியும்? வெளிய போயி பத்து நிமிஷம் நின்னுட்டு வந்து மோந்து பாருங்க."

நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

நாலாவது வாரம் பட்டாணி தின்பதைக் குறைத்தது. பிறகு கண்ணைத் திறப்பதைக் குறைத்தது. இமை இரண்டும் புடைத்துக்கொண்டு, தண்ணீரில் ஒரு மூலையில் மிதந்தது. லூர்துராஜ் பல்பைத் தாழ்த்திப் பார்த்தார், உயர்த்திப் பார்த்தார். குளிர்ந்தால் குஞ்சுகள் விளக்கடியில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும், சூடு அதிகமானால் விலகி ஓடும், அதைப் பார்த்துச் சூட்டைச் சரிசெய்வது அவர் கைவந்த கலை. ஆனால் ஒண்டிக்கட்டையாக இருக்கிற ஒன்று எப்படிக் கூட்டம் போடும்? இருபத்திரண்டு வருஷ அனுபவம் ஓர் ஆமைக்குஞ்சின் முன்னால் கைகட்டி நின்றது.

"ரூமுல நாத்தம் கொமட்டுதுங்க" என்றாள் லூசி.

"அது ஆமை வாசனை. அதுக்குன்னு ஒரு வாசனை இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் டயானா வீடியோவில் வருவாள். முதல் கேள்வியே பட்டாணியைப் பற்றித்தான். அந்த மூன்று ஞாயிறும் அவள் கேட்ட நேரத்தில் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தது. "இப்பதான்மா தூங்குச்சு. எழுப்ப வேணாம்." அப்படிச் சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குப் போய்ப் படுதாவைத் தூக்கி, உயிர் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். தொட்டால் ஒரு கால் மெல்ல அசையும். அந்த அசைவைப் பார்த்த பிறகுதான் படுதாவை இறக்குவார்.

நாற்பத்திரண்டாம் நாள் சார்ட்டில் தேதி எழுதும்போது அவருக்குக் கை நின்றது. நாற்பத்திரண்டாம் நாள் கறிக்கோழிக்கு லாரி வரும் நாள். இத்தனை வருஷத்தில் லட்சக்கணக்கான உயிரைப் பார்த்திருக்கிறார், ஆனால் ஒன்றைக்கூட நாற்பத்து மூன்றாம் நாள் பார்த்ததில்லை. அதற்கு மேல் ஓர் உயிரை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாது என்பதே அன்றுதான் தெரிந்தது. ஸ்டூலைப் போட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். பயமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயசு ஆள் மசால்வடை சைசுக்கு ஓர் ஆமையைப் பார்த்துப் பயப்படுவதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அன்று பகல் பதினோரு மணிக்கு நாராயணசாமி வந்தார். ஒரு கையில் வேர்க்கடலைப் பை, இன்னொரு கையில் மூடிய சொம்பு. லூசி அவரை உட்காரச் சொல்லாமல் நேராகச் சாமான் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தது லூர்துராஜுக்கு விநோதமாகத்தான் இருந்தது.

நாராயணசாமி வாசல்படியிலேயே நின்றுவிட்டார். மூக்கைச் சுருக்கினார். துண்டை எடுத்து மூக்கில் வைத்தார்.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. அமோனியா."

"இன்னாது?"

"அமோனியா ஏறிகினு இருக்குது சார். கண்ணுல தண்ணி வருது எனக்கு." படுதாவை விலக்கினார். "தோ பாருங்க, கண்ண மூடிகினு இருக்குது. தண்ணிய எப்ப மாத்துனீங்க?"

லூர்துராஜ் சுவரிலிருந்த சார்ட்டைப் பார்த்தார். மாற்றவில்லை. நாற்பத்திரண்டு நாளும் குறைந்த தண்ணீருக்கு ஈடாக மேலே ஊற்றிக்கொண்டு வந்தாரே தவிர, ஒரு தடவைகூட மாற்றவில்லை. பண்ணையில் ஒரு பேட்ச் முடிகிறவரை தரையில் போட்ட நார்த்தூளை அள்ளக் கூடாது. லாரி வந்து கோழியை ஏற்றிய பிறகுதான் மொத்தமாகச் சுத்தம் செய்வது. அந்தச் சட்டத்தை அப்படியே தண்ணீருக்கும் போட்டுவிட்டார். தொட்டியோடு கடைக்காரன் கொடுத்த ஃபில்டரை, சத்தம் போட்டுக் குஞ்சை மிரட்டுகிறது என்று முதல் நாளே நிறுத்திவிட்டார். ஆக, நாற்பத்திரண்டு நாள் எச்சமும், ஊறிப்போன தீவனமும், வெல்லமும் சேர்ந்த ஒரு கஷாயத்தில் மகளின் ஆமை ஊறிக்கொண்டிருந்தது.

"எனக்கு நாத்தம் தெரியலியே நாராயணசாமி" என்றார். சொல்லி முடிக்கும்போதே எங்கே கேட்ட வசனம் என்று ஞாபகம் வந்துவிட்டது.

நாராயணசாமி நல்ல மனுஷர். சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் அவருடைய மீசை அசைந்ததை லூர்துராஜ் பார்த்தார். லூர்துராஜ் எழுந்து, தெருவைத் தாண்டி, அமிர்தம் வீட்டு வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் நின்றார். திரும்பி வந்து சாமான் அறைக்குள் நுழைந்ததும் நாற்றம் அவர் முகத்தில் அறைந்தது. எந்தப் பண்ணையிலும் இப்படி ஒரு நாற்றத்தை அவர் மோந்ததில்லை.

பைக் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்து வந்தார். சிவப்பு மையில் எழுதினார். பண்ணையாளர் பெயர், லூர்துராஜ். காற்றோட்டம் அறவே இல்லை. அமோனியா மிக அதிகம். சொன்னால் கேட்பதில்லை, தனக்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணம். எழுதி முடித்து நோட்டை நாராயணசாமியிடம் நீட்டினார்.

"சூப்பர்வைசர் கையெழுத்து போடுங்க."

"அய்யய்யோ, இன்னா சார் இது."

"போடுங்க. நீங்கதான் இன்னைக்கு சூப்பர்வைசர்."

நாராயணசாமி கூச்சத்தோடு போட்டார். போட்ட பிறகு, பதவி வந்துவிட்டதால் கொஞ்சம் அதட்டலாகவே வேலை வாங்கினார். தொட்டியும் கல்லும் படுதாவும் வெளியே போயின. லூசி துணி அலசும் அகலமான நீல டப் மாடிக்கு ஏறியது. பழைய மோட்டார் கொட்டாய் ஓடு ஒன்றைச் சாய்த்துப் போட்டார்கள், சறுக்காமல் ஏறிக் காய. டப்பின் பாதிக்குத் தென்னங்கீற்று நிழல், வெயில் போதும் என்று தோன்றினால் தானே நகர்ந்துகொள்ள. நாராயணசாமி தன் மாட்டுக்கு வளர்க்கும் அசோலா பாசியை ஒரு சொம்பில் கொண்டுவந்திருந்தார். அதைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டார். லூர்துராஜ் பைபிளுக்குள்ளிருந்து டயானாவின் சீட்டை எடுத்துப் பார்த்தார். இதில் பாதி அந்தச் சீட்டிலேயே இருந்தது.

"ஆமா, கையில அசோலாவோட எப்பிடி கரெக்டா வந்தீங்க?" என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

நாராயணசாமி லூசியைப் பார்த்தார். லூசி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான் போன் பண்ணேன். நாத்தம்னு மூணு வாரமா சொல்லிகினு இருக்கேன், காதுல வாங்கினீங்களா? கோழிக்காரங்க சொன்னாத்தான் கேப்பீங்கன்னு தோணுச்சு."

அரசு கால்நடை மருந்தகத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் சென்னையில் யாரிடமோ போனில் கேட்டுவிட்டு, சுத்தமான தண்ணீர், வெயில், பச்சை, பொறுமை என்றார். முதல் மூன்றும் வீட்டில் இருந்தன.

எட்டு நாள். தினமும் தண்ணீர் மாற்றினார். காலையில் ஷெட்டுக்குப் போகும் முன் அரை மணி நேரம் டப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சார்ட் எழுதவில்லை. பட்டாணி அந்தக் கொட்டாய் ஓட்டின் மேல் ஏறிக் கழுத்தை நீட்டி, பின்காலைப் பரப்பிக்கொண்டு, மூடிய கண்ணோடு வெயில் காய்ந்தது. "மாதாவே, கண்ணைத் திறக்க வை" என்று வேண்டிக்கொண்டார். ஒன்பதாம் நாள் இடது கண் ஒரு கோடு அளவு திறந்தது. சனிக்கிழமை இரண்டு கண்ணும் திறந்து, ஓர் அசோலா இலையைப் பார்த்து, வாயைப் பிளந்து கவ்வியது. லூர்துராஜ் மாடியிலிருந்து "லூசி!" என்று போட்ட கத்தலில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அமிர்தம் ஓடி வந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் டயானா வீடியோவில் வந்தாள். லூர்துராஜ் போனை மாடிக்குக் கொண்டுபோய்ப் பட்டாணியைக் காட்டினார்.

"ஐ! முழிச்சுகினு இருக்குது!"

அத்தோடு விட்டிருக்கலாம். லூசியும் விட்டுவிடச் சொல்வதுபோலத்தான் பார்த்தாள். ஆனால் அவர் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"டயானா, நீ கேட்டப்பல்லாம் அது தூங்கலம்மா. கண்ணு திறக்க முடியாம கெடந்துச்சு. நான்தான் கெடுத்தேன். தண்ணியே மாத்தாம வெச்சுகினு, உங்கம்மா சொன்னதையும் கேக்காம... செத்திருக்கும். நாராயணசாமி வந்து காப்பாத்துனாரு. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

போனில் டயானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபித்துக்கொண்டாள் என்றே அவர் நினைத்தார்.

"அப்பா, நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன்."

"இன்னாம்மா?"

"ஆஸ்பத்திரி வேலைய பொங்கலுக்கு முன்னாடியே விட்டுட்டேன். ஹாஸ்டலும் மாத்திட்டேன், அதனாலதான் பட்டாணிய கொண்டாந்தேன். இப்ப ஒரு மெடிக்கல் ஷாப்புல நிக்கறேன். வார்டுல என்னால முடியலப்பா. தினமும் பாத்ரூம்ல போயி அழுவேன். ரூமுக்கு வந்தா பேச்சுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். உங்ககிட்ட சொன்னா ஏன், எதுக்கு, யார் மேல தப்புன்னு கேப்பீங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்ற தெம்பு அப்ப எனக்கு இல்ல."

ஏன், எதுக்கு, யார் மேல தப்பு. மூன்றும் உண்மையாகவே லூர்துராஜின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டிருந்தன. ஐம்பத்து மூன்று பண்ணையிலும் மகள் சென்னையில் நர்ஸ் என்று அவர் சொல்லாத ஷெட் கிடையாது. அதுவும் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினார். விழுங்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஒழுங்கா சாப்புடறியா?"

"ம்."

"தூக்கம் வருதா?"

"இப்ப வருதுப்பா."

"ஏப்ரல் வரைக்கும் எதுக்கு? லீவு சொல்லிட்டு நாளைக்கே பஸ் ஏறி வா."

"பட்டாணிய எடுத்துகினு போவவா?"

"அது இங்கதான் இருக்கும். நீ சும்மா வந்து நாலு நாள் இரு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தேற்ற ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று லூர்துராஜ் தேடினார். 

"வேற இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அப்பா வாயிலிருந்து 'தெரியல' என்ற வார்த்தையை இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று டயானா சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது.